ஒரு ஹோண்டா சிவிக்கும் ஒன்பது நீதிபதிகளும்

2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பனிப்புயல் அடித்தபோது, ஓர் அடுக்ககத்தில் வாடகைக்கு இருந்த ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பனியை வாரிக் கொட்ட வசதியாக எல்லோரும் வண்டியை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பது அங்கே விதி. அவருடைய 2004ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் நின்ற இடத்திலேயே நின்றது. வீட்டு உரிமையாளர் சொல்ல, டான்ஸ் சிட்டி என்ற நிறுவனம் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவருக்கு அது தெரியாது. பிறகு மருத்துவமனையில் அவருடைய இடது பாதத்தை அகற்றினார்கள். அந்தச் சிகிச்சையின்போதே மாரடைப்பும் வந்தது. ஏப்ரல் 9ஆம் தேதி வீடு திரும்பிய பிறகுதான் வண்டி போன செய்தி வழக்கறிஞர் மூலம் அவர் காதுக்கு எட்டியது. அதற்குள் நிறுவனம் வண்டியை ஏலம் விட ஏற்பாடு செய்திருந்தது. அவர் வீடு மாறவில்லை, வண்டி திரும்ப வேண்டும் என்று ஏலத்துக்கு முன்பே வழக்கறிஞர் சொல்லியும் பயனில்லை. வண்டி கைமாறியது. இழப்பீடாக ஒரு டாலர்கூட வரவில்லை.

நிறுவனம் கடிதமே போடவில்லை என்று சொல்ல முடியாது. வண்டி யாருடையது என்று அதற்குத் தெரியாது. மாநில வாகனத் துறை பெயரைத் தெரிவித்த பிறகு எழுதியது. 'வீடு மாறிவிட்டார், முகவரி விடவில்லை' என்ற குறிப்போடு தபால் துறை அதைத் திருப்பி அனுப்பியது. அதே அடுக்ககத்தின் வாசலிலிருந்துதான் வண்டியைத் தூக்கியிருந்தார்கள். அவரும் அங்கேதான் குடியிருந்தார்.

அவர் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம் 1994இல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டம். சரக்குப் போக்குவரத்தின் கட்டணம், பாதை, சேவை ஆகியவற்றில் மாநிலங்கள் தலையிடக் கூடாது என்கிறது அது. ஆகவே மாநிலச் சட்டப்படி எங்கள்மீது வழக்கே போட முடியாது என்று வாதிட்டது நிறுவனம். 2013 மே மாதம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

தீர்ப்பின் தர்க்கத்தில் எனக்கு மிகவும் வலுவாகப் படுவது ஓர் இடம். வண்டியை விற்கும் உரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்ததே நியூ ஹாம்ப்ஷயர் சட்டம்தான். விற்கும்போது அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கேள்வி வரும்போது அதே சட்டம் செல்லாது என்பதை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இன்னொன்றும் உண்டு. மத்தியச் சட்டத்தில் இதற்குப் பரிகாரம் எதுவும் இல்லை. மாநிலச் சட்டத்தையும் முடக்கினால் பாதிக்கப்பட்டவர் முறையிட எந்தச் சட்டமும் மிஞ்சாது. இரண்டுமே அசைக்க முடியாத வாதங்கள்.

ஆனால் தீர்ப்பைத் தாங்கி நிற்கும் தூண் வேறு: வண்டி கிடங்குக்குப் போய்ச் சேர்ந்ததோடு போக்குவரத்து முடிந்துவிட்டது, தகராறு அதற்குப் பின் நடந்த விற்பனையைப் பற்றியது என்பது. வண்டியை இழந்தவர் கேட்ட கேள்விக்கு இது சரியான விடை. வண்டியைக் கொக்கியில் மாட்டிய அந்த நிமிடத்துக்கோ இதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. காங்கிரஸும் அதுவரை அந்தப் பக்கம் முழுதாகப் பார்க்கவில்லை. உரிமையாளர் சம்மதமின்றித் தூக்கப்படும் வண்டிக்கான கட்டணத்தை மாநிலங்கள் வரையறுக்கலாம் என்றது. 2005இல், நிலத்துக்காரரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று அவை விதிக்கலாம் என்றது. வண்டிக்காரருக்கு முன்கூட்டிச் சொல்வது பற்றிப் பேச்சே இல்லை. 2015இல்தான், இப்படித் தூக்குவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் முழுவதும் மாநிலங்களுக்குத் தெளிவாகத் தரப்பட்டது.

2022இல் கொலராடோ அதை நன்றாகவே பயன்படுத்தியது. குடியிருப்பிலிருந்து வண்டியைத் தூக்க 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வேண்டும். தீயணைப்பு வழியை அடைத்து நிற்பது போன்றவற்றுக்கு விலக்கு. முழுத் தொகை கையில் இல்லாதவர் 15 சதவீதமோ 60 டாலரோ, எது குறைவோ அதைக் கட்டி வண்டியை மீட்கலாம். வண்டி இல்லாவிட்டால் வேலைக்கே போக முடியாத ஊர்களில் இது பெரிய காரியம்.

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். பனி 24 மணி நேரம் காத்திருக்காது. ஆம்புலன்ஸ் வரப் பாதை வேண்டும். விதி எல்லோருக்கும் பொது. அத்தனையும் உண்மை. வண்டியை நகர்த்தியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, யாரிடமும் சொல்லாமல் நகர்த்தியதில்தான் ஆட்சேபம். பொது விதி இருப்பதும், 'உங்கள் வண்டியை இன்று எடுக்கிறோம்' என்று ஒருவரிடம் சொல்வதும் ஒன்றல்ல. கொலராடோ அறிவிப்பும் கண்ணாடியில் செருகும் தாள்தான். எழுந்து நடக்க முடியாதவர் அதை எங்கே பார்ப்பார்?

டான்ஸ் சிட்டி தீர்ப்பு சரி. எட்டிய தூரம்தான் போதாது. அறிவிக்கும் கடமையை நம்பர் பிளேட்டைத் தவிர எதுவும் தெரியாத இழுவை நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டுவது தவறு. மாதாமாதம் வாடகை வாங்குபவருக்குக் குடியிருப்பவரைத் தெரியும். இழுவை வண்டியைக் கூப்பிடும் முன் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், அல்லது போன் செய்ய வேண்டும். அப்படிச் செய்ததற்குப் பதிவு இல்லாவிட்டால் கட்டணம் முழுவதும் வீட்டு உரிமையாளருடையது என்று சட்டம் சொல்ல வேண்டும். அன்று அப்படி ஒருவர் தட்டியிருந்தால், படுக்கையில் கிடந்தவர் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.