துடுப்பும் கிரீடமும்

சரித்திரக் கதை என்றதும் எங்கட வாசகர்களுக்கு முதலில் ஞாபகம் வருபவர் கல்கிதான். 1950இல் தொடராக வரத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' இன்றும் பாடசாலைகளில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஐந்து பாகத்தையும் வாசித்து முடித்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சேர், பூங்குழலிய ஏன் கடைசில ராணி ஆக்கினாங்க?"

நியாயமான கேள்வி. இந்நாவலின் பெண்கள் பொம்மைகள் அல்லர். குந்தவை சோழநாட்டை விட்டு வாழ்க்கைப்பட்டுப் போக மறுப்பவள், அரசியல் அறிந்தவள். நந்தினி பழுவூர் அரண்மனையில் இருந்தபடியே ஒரு பேரரசை ஆட்டி வைக்கிறாள். ஆனாலும் கணக்குப் பார்த்தால், குந்தவையின் உறுதி தம்பியின் எதிர்காலத்துக்கு. நந்தினியின் உறுதி வீரபாண்டியனுக்காகப் பழி தீர்க்க. வானதி சிங்காதனம் ஏறமாட்டேன் எனச் சபதம் செய்வதும் தன் காதலை நிரூபிக்கத்தான். மன உறுதி பெண்ணுடையது. அதன் பலன் எழுதப்படுவதோ ஆணின் பேரில்.

பூங்குழலி வேறு மாதிரி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். இரவில் தனியே படகு வலித்து வந்தியத்தேவனை ஈழக் கரைக்குக் கொண்டுவருகிறாள். பின்னர் நடுக்கடலில் இளவரசரையும் காப்பாற்றுகிறாள். காதல் கைகூடாது என்று தெரிந்தும் அவள் ஒடுங்கிப் போகவில்லை. அவளுக்குக் கடல் இருக்கிறது. இப்படிப்பட்டவளைச் சேந்தன் அமுதனுக்கு மணமுடித்து, அவனே உத்தம சோழன் எனக் காட்டி, அரண்மனைக்குள் அனுப்பிவிடுகிறார் கல்கி. ஓடக்காரப் பெண்ணுக்கு முடிசூட்டியது பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய பெருமை துடுப்பில் இருந்தது. கிரீடத்தை அவள் தலையில் வைத்த கதை, துடுப்பை மறந்துவிடுகிறது.

பூங்குழலியும் நந்தினியும் கற்பனைப் பாத்திரங்கள். குந்தவை அப்படியல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, இராசராசன் தன் கொடைகளுக்கு அடுத்ததாக அக்காவின் கொடைகளைத்தான் சொல்கிறது; மனைவியரின் கொடைகள் அதற்குப் பிறகே. தாதாபுரத்தில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் சமணருக்கும் கோயில் எடுப்பித்தவளும் அவளே. சொத்தும் பேரும் உள்ள பெண்ணைக் கல்வெட்டு காட்டுகிறது. நாவல் அவளைச் சூழ்ச்சிக்கும் காதலுக்கும் இடையில் நிறுத்துகிறது. இந்த இடத்தில் கதையைவிடக் கல்லுக்குத்தான் துணிச்சல் அதிகம்.

இது எங்களுக்கும் பொருந்தும் விஷயம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் குடி தாய்வழியாக வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளைதான் அங்கே குடிவருகிறார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' தந்த சித்திலெப்பையின் சமூகம் நாங்கள். அந்தப் பழைய கரையோர வீட்டு உம்மாவை, அவளுடைய வீடு, வளவு, பிடிவாதம் எல்லாவற்றோடும் ஒரு சரித்திர நாவலின் நடுவில் வைத்தால் என்ன? காதலும் இருக்கட்டும், தப்பில்லை. கதை முடியும்போது வீட்டுச் சாவி அவள் இடுப்பிலேயே இருக்க வேணும், அவ்வளவுதான்.

மாணவிக்கு நான் பதில் சொல்லவில்லை. "நீ எழுது மகள்" என்று மட்டும் சொன்னேன்.