தாய்மொழி என்னும் கலைச்சொல்: பெங்களூரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பன்மொழிச் சமுதாயத்தில் மொழித் தெரிவையும் அடையாளத்தையும் இணைத்து ஆராய்வோர் 'தாய்மொழி' என்னும் சொல்லை ஐயமின்றிக் கையாள்கின்றனர். பெங்களூர்த் தமிழரின் நிலையைக் கொண்டு நோக்கின், இச்சொல் ஒரு பொருளில் நில்லாமை புலனாகும்.

ஒருவரின் குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை. கர்நாடக அரசின் பயிற்றுமொழிக் கொள்கை குறித்த வழக்கில் 2014 மே மாதம் தீர்ப்பளித்த உச்சநீதிமன்ற அரசியல்சாசன அமர்வோ, குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரோ காப்பாளரோ முடிவு செய்வர் என்றது. முன்னதில் அது பிறப்புச் செய்தி, பின்னதில் தெரிவு. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது ஆய்வில் குழப்பத்தையே விளைவிக்கும்.

மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் (1891–1986) இதற்குத் தக்க சான்று. தமிழ் வழங்கிய வைணவக் குடும்பத்தில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, கன்னடத்தில் எழுதியவர். 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்காக 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதைப் பெற்றவர். 'கன்னடத ஆஸ்தி' என்று கன்னடர் அவரைப் போற்றினர். கணக்கெடுப்பின் வரையறைப்படி அவர் தமிழ்த் தாய்மொழியினர். இலக்கிய வரலாற்றின்படி கன்னடர். இரண்டில் ஒன்றைத் தள்ளவேண்டிய தேவை அட்டவணைக்கு உண்டு, மாஸ்திக்கு இல்லை. தம் தாய்மொழிக்குள்ளேயே மொழிபெயர்க்கவேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்க்குக் கூறப்படும் அறிவுரையும் இத்தகையோர் முன் பொருளிழக்கிறது. வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமுமாக மைசூரில் வளர்ந்த ஏ.கே. இராமானுஜன், சங்கப் பாடல்களையும் வசனங்களையும் ஆங்கிலத்திலன்றோ தந்தார்!

எழுத்தின் நிலை இன்னும் நுட்பமானது. கர்நாடக ஐயங்கார் இல்லங்களில் சாத்தமுது, திருக்கண்ணமுது போன்ற சொற்கள் வழக்கில் உள்ளன. ஆயினும் அவர்களுள் பலர் திவ்வியப் பிரபந்தத்தைக் கன்னட எழுத்தில் அச்சிட்ட பதிப்புகளைக் கொண்டே ஓதுகின்றனர். நாவிற்குத் தமிழ், கண்ணிற்குக் கன்னடம். இதனைத் தமிழின் தேய்வு என்று கூறிவிடுவது எளிது. பேச்சு தலைமுறை தலைமுறையாக நீடித்தமைக்கு அக்கூற்றில் விளக்கமில்லை.

தண்டுப்பகுதித் தமிழரின் வரலாறு வேறு. 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய பாளையத்தை ஒட்டிப் படைப்பணி, வணிகம், கூலிவேலை ஆகியவற்றின்பொருட்டுக் குடியேறியோரின் வழியினர் அவர்கள். 1947 வரை அப்பகுதி மைசூர் ஆட்சிக்கு வெளியே இருந்தமையால் கன்னடத்தின் தேவை அங்குக் குறைவு. பள்ளியில் எது முதன்மொழி என்னும் வினாவைக் கோகாக் கிளர்ச்சி (1982) முன்னிறுத்தியது. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டித் தமிழர் தாக்கப்பட்டனர். அதன்பின், வீட்டு வாயிலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் கூறும் விடையை வெறும் பிறப்புச் செய்தியாகக் கொள்ளலாமா என்பது ஐயத்திற்குரியது.

2011ஆம் ஆண்டின் வினாப்படிவம் தாய்மொழியையும் அறிந்த பிற மொழிகள் இரண்டையும் எழுத்தறிவு உண்டா என்பதையும் கேட்டது. எழுத்தறிவு எம்மொழியில் என்று கேட்கவில்லை. கன்னட எழுத்தில் பிரபந்தம் ஓதும் முதியவரும், தமிழ் பேசி ஆங்கிலம் மட்டுமே எழுதக் கற்ற தண்டுப்பகுதி மாணவியும் அப்படிவத்தில் ஒரே குறியீட்டைப் பெறுகின்றனர்.