சுரம் எங்கே முடிகிறது

பேஸ் கிதார் வாசிக்கிற இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். என்ன பேஸ் வைத்திருக்கிறாய், நாலு கம்பியா ஐந்தா, ஆம்ப் எத்தனை வாட், கச்சேரிக்கு டி.ஐ. பாக்ஸ் சொந்தமாகக் கொண்டுபோகிறாயா, சவுண்ட்காரர் தருவதை வைத்தே சமாளிக்கிறாயா. வாசித்த பாட்டைப் பற்றிய பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான் வரும். சில நாள் அதற்கு நேரமே இருக்காது. பாடகர்களும் கீபோர்டுக்காரர்களும் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பேச்சுக்குள் பல தலைமுறை வாசிப்பாளர்களின் அனுபவ அறிவு தேங்கிக் கிடக்கிறது. ஆனால் பேஸ் வாசிப்பிலேயே ஆகப் பெரிய விஷயம் ஒன்றை இது தொடர்ந்து கோட்டை விட்டுவருகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

முதலில் நல்ல பக்கம். மின் பேஸ் என்ற கருவியே வாசிப்பவர்களின் குறைகளிலிருந்து பிறந்தது. நடன மண்டபங்களில் டபுள் பேஸ் வாசித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆளுயரப் பெட்டி, காருக்குள் அடங்காது. டிரம்ஸும் பித்தளை ஊதுகருவிகளும் சேர்ந்து ஒலித்தால் என்ன வாசிக்கிறோம் என்று தனக்கே கேட்காது. சுர இடங்களைக் குறிக்கும் உலோகக் கட்டையான ஃப்ரெட் இல்லாத கழுத்தில் சுருதி பிசகாமல் விரல் வைக்க ஆண்டுக்கணக்கில் சாதகம் வேண்டும். சியாட்டிலில் பால் டட்மார்க் 1930களிலேயே ஃப்ரெட் வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்துபார்த்தார், அது பரவவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951இல் ப்ரிசிஷன் பேஸை வெளியிட்டார். 34 அங்குலக் கம்பி நீளம், தோளில் மாட்டிக்கொள்ளும் பலகை உடல், ஃப்ரெட். லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. பட்டறைக்கு வந்துபோன வாசிப்பாளர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், திருத்தினார், மறுபடி கேட்டார். 1957இல் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து வைத்ததும், 1960இல் ஜாஸ் பேஸ் வந்ததும் அந்தத் திருத்தங்களின் தொடர்ச்சிதான். இன்று நாம் கேலி செய்கிற இதே பேச்சு அன்று நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கருவி இந்த வடிவத்தில் வந்திருக்காது.

வாட் கணக்கு பேசுவதையும் வீண் பெருமை என்று தள்ள முடியாது. திறந்த இ கம்பியின் அதிர்வு நொடிக்கு 41 தடவை. காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். மனிதக் காது இவ்வளவு தாழ்ந்த ஒலியில் மந்தமானது. கிதாரின் நடு ஒலி சுலபமாக எட்டுகிற காதைத் தொட பேஸுக்குப் பல மடங்கு சக்தி தேவைப்படும். அதோடு, ஒலி இரண்டு மடங்கு பலமாகக் கேட்பதுபோலத் தோன்ற வேண்டுமானால் சக்தியை ஏறக்குறைய பத்து மடங்கு ஏற்ற வேண்டும். 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட்டில் எஸ்.வி.டி. ஆம்பைக் கொண்டுவந்ததன் காரணம் இதுதான். அதைப் படியேற்றிய முதுகுகளின் கதை தனி. இப்போது கிளாஸ் டி ஆம்புகள் அதே அளவு சக்தியை இரண்டு, மூன்று கிலோவுக்குள் அடக்கிவிட்டன. நியோடிமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கர்கள் கேபினெட்டின் எடையையும் குறைத்துவிட்டன. எந்த ஆம்ப் சூட்டில் நிற்கும், எது பாதிப் பாட்டில் அணைந்துபோகும் என்பதையெல்லாம் மேடையேறியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்தப் பேச்சின் சிறந்த பாடம் இன்னொன்று. வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஆழமும் பளபளப்பும் கூட்டி, நடுப்பகுதியைக் குறைத்து வைத்தால் ஒலி பிரமாதமாக இருக்கும். கடையில் வாங்க வந்தவர் மயங்கி நிற்பதும் அந்த ஒலியில்தான். அதே அமைப்போடு குழுவில் சேர்ந்தால் பேஸ் காணாமல் போய்விடும். அடி ஆழம் கிக் டிரம்மோடும் கீபோர்டுக்காரரின் இடது கையோடும் கலந்து குழம்பும். மேல் பளபளப்பை சிம்பல் மூடிவிடும். கேட்பவர் காதில் இன்ன சுரம் என்று பதியவைப்பது நடுப்பகுதியின் மேற்சுரங்களே. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் 41 அதிர்வு வெளிவரவே வராது. ஆனாலும் மேற்சுரங்களைக் கேட்டு மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. நடுப்பகுதியைக் கூட்டு, தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை என்று மூத்த வாசிப்பாளர் இளையவரிடம் சொல்கிறாரே, அந்த ஒரு வார்த்தை பல ஆயிரம் ரூபாய் பெறும்.

செட்டப் பற்றிய பேச்சும் அப்படித்தான். முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ ஒன்றை மாட்டி, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார் ஒருவர். விசிட்டிங் கார்டு ஒன்று நுழைந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடைக் கால் திருப்பு இறுக்கிவிட்டு, கழுத்து அமைந்து அடங்கக் காத்திருந்து, மறுபடி பார்க்கிறார். சென்னை மாதிரியான கடற்கரை ஊரில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே கழுத்து வளைந்து நிமிர்வது சகஜம். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றவர் கை தனி. விலையுயர்ந்த புது பேஸ் வாங்கத் துடித்தவர் இந்தக் கால் திருப்போடு திருப்தியடைந்து, பழைய பேஸோடு வீடு திரும்புவதும் உண்டு.

இனி குறை. அதைக் காட்ட ஜேம்ஸ் ஜேமர்சனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் 1960கள் முழுக்க எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்தவர். அத்தனை ஆண்டும் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் அச்சானது. இன்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே சொல்வது ஒரு பொருள் பட்டியல்: 1962 ப்ரிசிஷன் பேஸ், தட்டை நாடா சுற்றிய, தடிமனான லா பெல்லா ஃபிளாட்வவுண்ட் கம்பிகள், அவற்றை மாற்றவே மாட்டார், கம்பி கழுத்திலிருந்து மிக உயரத்தில் இருக்கும், ஆம்ப் இல்லாமல் நேராகக் கன்சோலில் இணைத்துப் பதிவு. அதே தடிமனில் அவர் பெயரைச் சொல்லியே கம்பி விற்கிறது. வாங்கி மாட்டியவர்கள் ஏராளம். ஆனால் அவர் டபுள் பேஸ் கற்று வந்தவர். கம்பி உயரமாக இருந்தது அந்தப் பழக்கத்தால். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியதும் அதனால். அந்த ஒற்றை விரலின் அழுத்தம், பாடகரின் மூச்சுக்கு நடுவே புகுந்து வெளிவரும் அவரது ஓட்டம், எதிர்பாராத இடத்தில் விடுகிற அரை அடி இடைவெளி, இவைதான் ஜேமர்சன். கருவி அவர் கையைப் பின்பற்றியது. பேச்சோ கையை விட்டுவிட்டுக் கருவியைப் பிடித்துக்கொண்டது. 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் அந்த பேஸ் திருடு போனது. அது கிடைத்தால் அந்த ஒலி கிடைத்துவிடும் என்று நம்புகிற தொனி இன்றும் பேச்சில் இருக்கிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. பத்தாண்டு பெயரில்லாமல் வாசித்த மனிதனின் பெருமையை மறுபடியும் ஒரு மரப்பலகைக்குக் கொடுக்கிறோம்.

டோன், டோன் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் சுரத்தின் நீளம். இதுதான் என் முக்கியமான குற்றச்சாட்டு. கேரல் கேயை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலீஸ் ஸ்டூடியோக்களில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வராமல் போனதால் பேஸைக் கையிலெடுத்தார். பிக்கால் மீட்டுவார், பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் கம்பிகள் மேல் ஒரு கம்பளித் துண்டை வைத்திருப்பார். அந்தத் துண்டு என்ன செய்கிறது? நீண்டு ஒலிக்க வேண்டிய சுரத்தைச் சுருக்குகிறது. ஃபெண்டர் தன் பேஸ்களின் பிரிட்ஜ் மூடிக்குள் பொருத்தி அனுப்பிய பஞ்சுத் துண்டு செய்ததும் அதையே. பழைய ஃபிளாட்வவுண்ட் கம்பியும் அதையே. பிறகு 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் பேஸ்காரர் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து உருவாக்கிய, உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் கம்பி வந்தது. பியானோ மாதிரி கணீரென்று நெடுநேரம் ஒலிப்பது அதன் வரம். வாசிப்பாளர்கள் பிரிட்ஜ் மூடியையும் கழற்றி வைத்தார்கள். அதுவரை பஞ்சு பார்த்துக்கொண்ட வேலை அன்றிலிருந்து கையின் வேலையாயிற்று. பேச்சு இதைக் கவனிக்கவில்லை. ‘அந்தக் கால டோன்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீளம் என்றால் என்ன என்று ஒரு சின்ன இடத்தில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஒரு பாட்டு. ஓர் அடிக்கு 0.6 நொடி. முதல் அடியில் கிக் டிரம்மோடு பேஸ் சுரம் தொடங்குகிறது. இரண்டாவது அடியில் ஸ்னேர் விழ வேண்டும். பேஸ் சுரம் ஸ்னேருக்கு மேலும் நீண்டால் ஸ்னேர் மழுங்கிக் கேட்கும். ஸ்னேர் விழும் அதே கணத்தில் சுரம் நின்றால் ஸ்னேர் பளீரென்று எழும். டிரம்ஸ்காரர் கூடுதலாக அடித்ததுபோல இருக்கும். கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டால் பாட்டு துள்ளும். இத்தனைக்கும் செய்தது, இடது கை விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமலே அழுத்தத்தை மட்டும் தளர்த்தியதுதான். நல்ல பேஸ்காரரோடு வாசிக்கும்போது மற்றவர்கள் சௌகரியமாக உணர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. வாட்டுக்கு எண் இருக்கிறது, பிக்கப்புக்குப் படம் இருக்கிறது, இரண்டுக்கும் விலை இருக்கிறது. நிறுத்தத்துக்கு மூன்றும் இல்லை. அதனால் அது பேச்சுக்குள் வருவதில்லை.

தமிழ்த் திரையிசை ரசிகர்கள் இந்த விஷயத்தில் வேறு மாதிரி வளர்ந்தவர்கள். இளையராஜா பேஸுக்கும் முழுமையாக நொட்டேஷன் எழுதித் தருபவர். ஒலிக்கும் காலமும் மௌனத்தின் காலமும் அந்தத் தாளிலேயே இருக்கும். அவரிடம் வாசித்த சசிதரன் என்ன பேஸ் வைத்திருந்தார், என்ன கம்பி மாட்டினார் என்று நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனால் பல்லவிக்கு அடியில் ஓடும் பேஸை வாயாலேயே பாடிக்காட்டுகிறவர்கள் டீக்கடையிலும் இருக்கிறார்கள். பொருளை அறியாமல் ஓட்டத்தை அறிந்தவர்கள். அதில் நமக்குப் பெருமை உண்டு. கூடவே ஒரு குறையும் உண்டு: கேசட் அட்டைகளில் வாசிப்பாளர் பெயர் அபூர்வம் என்பதால், ஓட்டத்தை நேசித்த நாம் வாசித்த கையைக் கேட்டதில்லை. ரஹ்மான் வந்த பிறகு அட்டைகளில் கீத் பீட்டர்ஸ் போன்ற பெயர்களைப் படிக்கக் கிடைத்தது எவ்வளவு நல்ல மாற்றம்!

பொருள் பேச்சால் அதிகம் நஷ்டப்படுவது புதிதாகக் கற்க வருகிறவர்கள். விரல் பட்டு மரம் தேய்ந்த பழைய பேஸ்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அது இல்லாமல் நல்ல ஒலி வராது என்ற எண்ணம் மட்டும் சுலபமாக எட்டிவிடுகிறது. கணினி வழி மரம் வெட்டும் இயந்திரங்கள் வந்தபின் மலிவு விலை பேஸ்களே நன்றாக அமைகின்றன என்பதை யாரும் அதே உற்சாகத்தோடு சொல்வதில்லை. காது கெடுவதைப் பற்றியும் பேச்சு போதாது. மேடையில் ஆம்ப் இல்லாமல் காதுக்குள் மானிட்டர் மாட்டி வாசிப்பது இப்போது பெருகியிருப்பது நல்லதே. பேஸின் அதிர்வு காலிலும் வயிற்றிலும் படாததால் உயிரில்லாமல் இருக்கிறது என்கிறார்கள் சிலர். அந்த இழப்பு நிஜம்தான். காதை இழப்பது அதைவிடப் பெரிய இழப்பு.

பொருளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பேஸைப் பரிசோதிக்கும்போது தனியாக மீட்டிப் பார்ப்பதோடு விடாமல், டிரம்ஸோடு சேர்த்துப் பதிவு செய்து கேளுங்கள். ஒரே பேஸில் ஒரே வரியை, சுரம் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றி மூன்று விதமாக வாசியுங்கள். பிறகு நிறுத்தத்தை மாற்றாமல் மூன்று வேறு பேஸ்களில் வாசியுங்கள். எது எந்த பேஸ் என்று சொல்லாமல் எல்லாவற்றையும் டிரம்ஸ்காரரிடம் போட்டுக்காட்டி, எதனோடு வாசிக்க அவருக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலிலிருந்து நம் பேச்சு தொடங்கட்டும். அடுத்த ஆம்ப் எத்தனை வாட் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.