நாலு மாசப் பயிருக்குச் சில வாரப் பாடம்

வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில் என் சித்தப்பா இன்னும் நெல் போடுகிறார். சில வருஷங்களுக்கு முன் கும்பப்பூ சமயத்தில் ஒரு கல்லூரியிலிருந்து பி.எஸ்சி. அக்ரி மாணவர்கள் வந்தார்கள். கிராமத்தில் தங்கி விவசாயியிடம் கற்கும் பணி அனுபவத் திட்டம். விதைநேர்த்தி செய்து காட்டினார்கள், படம் எடுத்தார்கள், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். "நல்ல பிள்ளைகதான் மக்கா. ஆனா அறுப்புக்கு ஒண்ணும் வரல்லியே" என்றார் சித்தப்பா.

இந்தக் குறையை மாணவர்கள் தலையில் கட்ட முடியாது. நாலு மாசம் நிற்கும் பயிரைச் சில வாரத்தில் யார் கற்க முடியும்? எங்கள் தொழிலில் சொல்வதானால், டெமோவில் ஓடும் கோடு வேறு, ப்ரொடக்‌ஷனில் ஓடும் கோடு வேறு.

சைதாப்பேட்டையில் 1868ல் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906ல் கோவைக்குப் போய், 1971ல் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே நடந்த ஆராய்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். டி.பி.எஸ். என்று தொடங்கும் நெல் ரகங்கள் எங்கள் ஊர்ப்பக்கத் திருப்பதிசாரத்தில் பிறந்தவை. என் விமர்சனம் கல்வியைப் பற்றியது. பட்டம் வாங்குபவர் வேளாண் அலுவலர் ஆகலாம், வங்கியில் விவசாய அதிகாரி ஆகலாம். அதாவது விவசாயிக்கு ஆலோசனை சொல்பவரை உருவாக்கும் படிப்பு இது. விவசாயியை உருவாக்குவது எது?

வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கிறதே என்பீர்கள். நாட்டின் முதல் நிலையம் 1974ல் புதுச்சேரியில் வந்தது. எங்கள் மாவட்டத்துக்குத் திருப்பதிசாரத்தில் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அங்கே பெரும்பாலும் குறுகிய காலப் பயிற்சிகள்தான். ஏற்கெனவே விவசாயம் தெரிந்தவருக்கு அது போதும், புதிதாக இறங்குபவருக்குப் போதாது.

ஜெர்மனியில் விவசாயம் ஒரு முறையான தொழிற்கல்வி. வழக்கமாக மூன்று வருஷம். பண்ணையில் வேலை, கூடவே பள்ளி, முடிவில் தேர்வு. அதை அப்படியே இங்கே நட முடியாது. நம்முடையது துண்டு நிலம். ஆனால் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டையும் நாற்றங்கால் முதல் அறுப்பு வரை ஒரே வயலில் செய்துமுடித்தால்தான் தேர்ச்சி, மதிப்பெண்ணில் பாதி வயல்காரர் கையில் என்று ஒரு வருஷப் படிப்பு வைக்கலாமே.

இதில் என் சுயநலமும் உண்டு. சித்தப்பாவுக்குப் பிறகு அந்த வயல் என்னிடம் வரும். எனக்கு ஜாவா தெரியும், மடை திருப்பத் தெரியாது. நாற்பது தாண்டிய நான் சேர்ந்து படிக்க ஒரு வகுப்பு இருந்தால், முதல் பெஞ்சில் உட்காருவேன்.