படிவத்தில் நான்காவது கட்டம்

குடும்பத்துக்குள் குழந்தைகள்மீது நிகழும் வன்முறையை நான்காகப் பிரிப்பது இன்று வழக்கமாகிவிட்டது: உடல்ரீதியானது, பாலியல்ரீதியானது, உணர்வுரீதியானது, புறக்கணிப்பு. பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கூட்டத்தில் இந்த நான்குக்கும் கட்டம் போட்ட படிவத்தைப் பார்க்க நேர்ந்தது. முதல் மூன்று கட்டங்களும் ஏறக்குறைய காலி. நான்காவதில் மட்டும் வரிசையாக டிக் அடித்திருந்தார்கள். தாய் வேலைக்குப் போகிறார், குழந்தை இரவுவரை தனியாக இருக்கிறது, ஆகவே புறக்கணிப்பு. எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு தாய் கேட்டார்: "அஞ்சரை பஸ்ஸ வுட்டா வேலயே பூடும்மா. புள்ளயத் தனியா வுட்டுட்டுப் போறேன்னு எழுதிக்கினியே, எங்கள இங்க கொண்டாந்து வுட்டது யாருன்னு எங்க எழுதுவ?"

அதற்குப் படிவத்தில் இடமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயரிட்டு அகற்றப்பட்டவர்களை ஏற்றிவைத்த எட்டு மாடி அடுக்குகள் இவை. சத்தியவாணிமுத்து நகர்க்காரர்களைக் கொண்டுவந்தது 2019 டிசம்பரில், படிப்பாண்டின் நட்டநடுவில். பிழைப்பு மட்டும் பழைய இடத்திலேயே, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. கரையோரத்தில் ஆயா இருந்தாள், பெரியம்மா இருந்தாள், எதிர்வீட்டு அக்கா இருந்தாள். பிள்ளை பசியோடு திரிந்தால் யாராவது ஒருத்தி கூப்பிட்டுச் சோறு போட்டாள். வீட்டை ஒதுக்கும்போது இந்த உறவுகளையெல்லாம் வெவ்வேறு பிளாக்குகளுக்குச் சிதறடித்துவிட்டு, மிஞ்சிய தனிமைக்குத் தாயைப் பொறுப்பாக்குவது என்ன நியாயம்? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்கூட, தன் 75ஆம் பிரிவில், பெற்றோர் தம் சக்திக்கு மீறிய சூழலால் குழந்தையைக் கைவிட நேர்ந்தால் அது வேண்டுமென்றே செய்ததல்ல என்று கொள்ளச் சொல்கிறது. சட்டத்துக்கு இருக்கும் ஈரம் படிவத்துக்கு இல்லை.

ஏழைக் குடும்பத்துக்குள் அரசு நுழைவது குழந்தை நலன் என்கிற வாசல் வழியாகத்தான் என்றும், வசதியான குடும்பத்துக்கு அதே அக்கறை டாக்டரின் ஆலோசனையாகப் போய்ச்சேர்கிறது என்றும் ழாக் டான்ஸ்லோ 1977இல் பிரெஞ்சுச் சமூகத்தை வைத்து வாதிட்டார். மாம்பலத்து ஃப்ளாட்டுகளில் இந்தப் படிவத்தோடு யாரும் காலிங்பெல் அடிப்பதில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு ரொம்ப வசதி. இயக்க நண்பர்கள் பலரும் இங்கேதான் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் காலியாகக் கிடந்த அந்த மூன்று கட்டங்களை என்ன செய்வது?

அடி வன்முறையாகவே எண்ணப்படுவதில்லை. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று ஒரு பழமொழியையே கையில் கொடுத்து வளர்த்திருக்கிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வாத்தியார் கைப்பிரம்பைத் தடைசெய்தது. வீட்டுக்குள் அப்படியொரு தடை இங்கே கிடையாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் 'நல்லெண்ணத்தோடு' செய்வதைக் குற்றமாக்காத 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 28ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. அப்பனின் பெல்ட் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கும். ஸ்வீடன் இதை 1979இலேயே முடித்துவிட்டது. மத்திய அரசின் 2007ஆம் ஆண்டு ஆய்வில் பதின்மூன்று மாநிலக் குழந்தைகளில் 69 சதவீதம் பேர் உடல்ரீதியான வன்முறைக்கும், 53 சதவீதம் பேர் ஏதாவதொரு பாலியல் வன்முறைக்கும் ஆளானதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடிவாங்கியவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர். அந்தப் பதின்மூன்றில் தமிழ்நாடு இல்லை. (நமக்கு இதில் ஒரு நிம்மதி இருந்திருக்க வேண்டும்.)

பாலியல் வன்முறை பற்றிப் பேச்செடுத்தால் 'நெருக்கடியான வீடு, குடி, வறுமை' என்று நாமே பதில் சொல்லிவிடுகிறோம். இது விளக்கமில்லை, குற்றவாளிக்கு நாம் எழுதிக்கொடுக்கும் ஜாமீன். அதே நெருக்கடியில், அதே வறுமையில் பிள்ளைமேல் கை வைக்காத ஆண்களுக்கும் அது அவமானம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உறவினர் செய்தால் அதைக் கூடுதல் கடுமையான குற்றமாகப் பார்க்கிறது. தெரிந்தவர் எவரும் புகார் தந்தாக வேண்டும் என்கிறது. தெரிந்தவர் என்பதில் நாமும் அடக்கம். 'ஏற்கெனவே பத்திரிகைக்காரன் நம்ம ஏரியாவ கிரிமினல் ஏரியான்றான், இது வேற வெளிய போகணுமா' என்ற குரல் குடியிருப்பில் இருக்கிறது. அதில் உள்ள வலி பொய்யில்லை. சம்பாதிக்கிறவன் ஜெயிலுக்குப் போனால் அடுப்பு எரியாது, பெண்பிள்ளை காப்பகத்துக்குப் போகும் என்ற கணக்கும் பொய்யில்லை. ஆனால் அகற்றலுக்கு எதிராக நாம் கட்டிய 'மக்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள், இந்தக் கணக்கில் விலையாகக் கொடுக்கப்படும் பத்து வயதுப் பெண் எங்கே இருக்கிறாள்?

அந்தக் கூட்டத்தின் கடைசியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனிடம் கேட்டார்கள்: "வீட்ல உன்ன யாராச்சும் அடிப்பாங்களா?" அவன் ஒருபக்கம் அம்மா, மறுபக்கம் அப்பா. பையன் தரையைப் பார்த்தான். "இல்ல" என்றார் அப்பா. எழுதிக்கொண்டார்கள்.