அறிக்கையில் எல்லாம் பச்சைதான்

சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் வாரக் கடைசியில் ஒரு தாள் மேலிடத்துக்குப் போகும். திட்டத்தின் பெயர், பொறுப்பாளர், கெடு, செலவு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வண்ணக் கட்டம். பச்சை என்றால் சிக்கலில்லை. மஞ்சள் என்றால் கவனம் தேவை. அதை அங்கே யாரும் மஞ்சள் என்பதில்லை, 'ஆம்பர்' என்பார்கள். சிவப்பு என்றால் ஆபத்து. ஒரு திட்டம் தேறுமா தேறாதா என்று முன்கூட்டியே அறிய உலகம் முழுக்கப் பரவலாகக் கையாளப்படும் வழி இது. ஒரே பார்வையில் நாற்பது திட்டங்களின் நிலை தெரிந்துவிடும் என்பதுதான் இதன் கவர்ச்சி. கோளாறும் அங்கேயே தொடங்குகிறது.

அந்தக் கட்டம் நிறம் மாறும் விதத்தைப் பாருங்கள். டெஸ்டிங் பார்க்கும் பெண், பாதி டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆகிறது என்கிறாள். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று நம்பி டீம் லீட் ஆம்பர் போடுகிறார். கிளையன்ட் கேட்கப்போகும் கேள்விகளை நினைத்து, 'பச்சைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு வரியைச் சேர்க்கிறார் ப்ராஜெக்ட் மேனேஜர். டெலிவரி ஹெட்டின் ஸ்லைடுக்குப் போகும்போது அது வெறும் பச்சை. இதில் யாரையும் பிடித்துப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் நம்பிக்கையைக் கலந்திருக்கிறார்கள். இதற்குத் தொழிலுக்குள்ளேயே 'வாட்டர்மெலன் ப்ராஜெக்ட்' என்று பெயர் உண்டு: மேலே பச்சை, வெட்டினால் சிவப்பு.

இந்த முறைக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் கதை ஃபோர்டு நிறுவனத்தினுடையது. 2006 செப்டம்பரில் போயிங்கிலிருந்து வந்து தலைமைப் பொறுப்பேற்ற ஆலன் முலாலி, வியாழன்தோறும் எல்லாத் துறைத் தலைவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து வண்ண அட்டவணைகளைக் காட்டச் சொன்னார். அந்த ஆண்டு சுமார் 1,700 கோடி டாலர் நட்டம் வரும் என்பது நிறுவனத்தின் சொந்தக் கணிப்பு. ஆனால் அட்டவணைகள் எல்லாம் பச்சை. இவ்வளவு நட்டத்தில் இருக்கும் கம்பெனியில் சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று முலாலி கேட்டார். பிறகு ஒருநாள், அமெரிக்கப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ், கனடாவின் ஓக்வில் ஆலையில் தயாராகிக்கொண்டிருந்த எட்ஜ் காரின் வெளியீட்டுக்கு எதிரே சிவப்பைக் காட்டினார். வண்டியில் ஒரு கோளாறு. அவரே வெளியீட்டை நிறுத்திவைத்திருந்தார். அறை உறைந்துபோனது. முலாலி கை தட்டினார். இதற்கு யார் உதவ முடியும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். சில வாரங்களில் மற்றவர்களின் அட்டவணைகளிலும் சிவப்பு தலைகாட்டத் தொடங்கியது. அதே ஃபீல்ட்ஸ் 2014இல் முலாலிக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தார்.

நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதைக்குத் துணிச்சல், வெளிப்படைத்தன்மை என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது அரைகுறை விளக்கமாகவே படுகிறது. எட்ஜ் முலாலியின் குழந்தையல்ல. அதன் கெடுவை அவர் யாருக்கும் வாக்களிக்கவில்லை. அவர் ஃபோர்டுக்கு வருவதற்கு முன்பே தீர்மானமான கார் அது. கை தட்டுவதால் அவருக்கு இழப்பு ஏதுமில்லை. சிவப்பைப் பார்க்கிறவரே கெடுவையும் குறித்தவர் என்றால் அதே அறையில் என்ன நடந்திருக்கும்?

அதற்கு டென்வர் விமான நிலையம் இருக்கிறது. மூன்று முனையங்களின் பயணப் பைகளையும் கணினியே இயக்கும் சிறு வண்டிகளில் அனுப்பத் திட்டமிட்டார்கள். நகர நிர்வாகம் ஏலம் கோரியபோது வந்த நிறுவனங்களில் ஒன்றுகூடக் குறித்த தேதிக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லவில்லை. இதைவிட எளிய அமைப்பைக் கட்டிய மியூனிக் விமான நிலையத்தார், சோதனைக்கு மட்டுமே நீண்ட காலம் பிடித்ததைச் சொல்லியிருந்தார்கள். இவை இரண்டும் வேலை தொடங்குமுன்பே மேசைமேல் இருந்த தகவல்கள். எந்த வண்ணமும் தேவைப்படாத எச்சரிக்கைகள். ஆனாலும் 1993 அக்டோபரில் திறப்பு என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது. அது டிசம்பருக்குத் தள்ளிப்போனது. பிறகு 1994 மார்ச், பிறகு மே. பத்திரிகையாளர்களை அழைத்து வெள்ளோட்டம் காட்டியபோது பைகள் கிழிந்து துணிமணிகள் தண்டவாளத்தில் சிதறின. கடைசியில் ஆட்கள் ஓட்டும் பழைய பாணி இழுவண்டி ஏற்பாட்டைத் தனியே செய்துகொண்டு 1995 பிப்ரவரி 28 அன்று கதவு திறந்தது.

தேதி மாறும் ஒவ்வொரு முறையும் வண்ண அறிக்கைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். புதிய தேதியோடு ஒப்பிட்டால் திட்டம் மறுபடி பச்சை! 'ரீபேஸ்லைன்' என்று இதற்கு மரியாதையான பெயர் இருக்கிறது. ஆளின் மனநிலை கலக்காமலிருக்க, செலவு இவ்வளவு சதவீதம் தாண்டினால் தானாகவே ஆம்பர் என்று விதி வைக்கும் நிறுவனங்களும் உண்டு. நல்ல திருத்தம்தான், ஆனால் இந்த ஓட்டையை அது அடைக்காது. அந்தத் தாளில் ஒரே ஒரு பத்தியைச் சேர்க்க எனக்கு உரிமை தந்தால், கெடு இதுவரை எத்தனை முறை தள்ளிப்போடப்பட்டது என்ற எண்ணைக் கேட்பேன். மூன்றாவது முறை மாறிய தேதி, எந்த மேனேஜரின் கருத்தையும்விட நம்பகமான செய்தி. சோதனைக்கு ஒதுக்கிய நாட்கள் சுருங்கிக்கொண்டே வருவதும் அப்படித்தான். அங்கே யாரும் நிறம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

நானோ கார் விஷயம் வேறு. 2008 ஜனவரியில் டில்லி வாகனக் கண்காட்சியில் ரத்தன் டாடா அறிமுகம் செய்தார். சிங்கூரிலிருந்து சானந்துக்கு ஆலையையே பெயர்த்துக்கொண்டு போன பிறகும் கார் வெளிவந்தது; அடிப்படை மாடலின் ஆலை விலை ஒரு லட்சம் என்ற வாக்கும் காப்பாற்றப்பட்டது. பொறியியல் கண்ணால் பார்த்தால் பச்சை போடலாம். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக்கூடிய ஆலை, ஆனால் விற்பனை எந்த ஆண்டிலும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. மலிவான கார் என்ற முத்திரையே அதற்குப் பகையானது என்று பின்னாளில் டாடாவே சொன்னார். முதல் கார் வாங்கும் குடும்பம் தெருவில் அதைக் கொண்டுவந்து நிறுத்தும்போது அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்பதற்கு எந்த அறிக்கையிலும் கட்டம் கிடையாது. சொன்னதைச் செய்கிறோமா என்று வண்ண முறை கேட்கும். சொன்னதே சரியா என்று கேட்க அதற்குத் தெரியாது.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். திருத்தக்கூடிய கோளாறுகளை, எட்ஜைப் போன்றவற்றை, மேசைக்குக் கொண்டுவர இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. நிறம் போடும் கை மட்டும் மாற வேண்டும். பிரிட்டனில் பெரிய அரசுத் திட்டங்களுக்கு அப்படிச் செய்து பார்த்தார்கள். திட்டத்தில் பங்கில்லாத அதிகாரிகளின் மதிப்பீட்டை 2013 முதல் ஆண்டுதோறும் வெளியிடவும் தொடங்கினார்கள். அங்கே சிவப்பு என்றால் 'வெற்றி எட்டாது போலிருக்கிறது' என்று பொருள். எச்.எஸ்.2 அதிவேக ரயிலின் முதல் கட்டத்துக்கு 2023 ஜூலையில் அந்தச் சிவப்பு விழுந்தது. அக்டோபரில், பர்மிங்காமிலிருந்து மான்செஸ்டருக்குப் போகவேண்டிய பாதையைப் பிரதமர் ரிஷி சுனக் ரத்து செய்தார். சிவப்பு வாங்கிய முதல் கட்டமோ, ஏற்கெனவே செலவழித்தது மிகுதி என்பதால், நிற்கவில்லை. லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் இடையே சுரங்கம் தோண்டும் வேலை அதன் பிறகும் தொடர்ந்தது.