மால் ரோட்டில் ஒரு சனிக்கிழமை

முசூரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளரைப் பார்க்கப் போவதில்லை. கெம்ப்டி அருவி, கன் ஹில் ரோப் கார், மால் ரோட்டில் சுட்ட சோளம், மேகம் விலகினால் கீழே தெரியும் டூன் பள்ளத்தாக்கு, இவ்வளவுதான் திட்டம். டேராடூனில் ரயிலை விட்டிறங்கி, 35 கிலோமீட்டர்போல வளைந்து வளைந்து மலையேறிய கூட்டத்தில் ஒருவனாகத்தான் நானும் போனேன். ரஸ்கின் பாண்டைப் பள்ளி நாளிலிருந்து படித்துவருகிறவன்தான். ஆனாலும் அவர் வசிக்கும் மலை இது என்பது மனத்தில் எங்கோ ஓரமாகத்தான் இருந்தது. எழுத்தாளர்களைத் தேடிப் போகும் சுபாவம் எனக்கு இல்லை. வெளியீட்டு விழாக்களுக்குப் போனதில்லை. ஒரு வாசகர் கடிதம் எழுதிப் போட்டதில்லை. புத்தகம் கையில் இருக்கிறது, அது போதும் என்று இருந்துவிடுகிற சோம்பல்.

கேம்பிரிட்ஜ் புக் டிப்போ வாசலில் வரிசை நின்றது. வரிசையில் இருந்த பிள்ளைகள் கையிலெல்லாம் புத்தகம். அன்று சனிக்கிழமை, மணி 3.30 தாண்டியிருந்தது. சரியான கிழமையில் சரியான தெருவில் நடந்துபோனேன். அதில் என் முயற்சி அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் அந்த ஊரில் நடந்துவந்த வழக்கம் அது. சனிக்கிழமைப் பிற்பகல் பாண்ட் மேலே லேண்டோரிலிருந்து இறங்கி வருவார். கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம்போலக் கையெழுத்துப் போடுவார். மேடை கிடையாது, தலைமையுரை கிடையாது, பொன்னாடை கிடையாது. புது நூல் வெளிவந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இத்தனைக்கும் அவர் 17 வயதில் எழுதிய முதல் நாவலான ‘தி ரூம் ஆன் தி ரூஃப்’ 1956இல் வெளிவந்து, மறு ஆண்டே இங்கிலாந்தின் ஜான் லுவெலின் ரீஸ் பரிசைப் பெற்றது. 1992இல் சாகித்திய அகாதமி விருது, 2014இல் பத்ம பூஷண். ஷியாம் பெனகல் முதல் விஷால் பரத்வாஜ்வரை அவர் கதைகளைப் படமாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் வாராவாரம் ஒரு கடையில் வந்து உட்கார்ந்தார்.

இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்கு இனிக்கிறது. மற்ற இடங்களில் எழுத்தாளர் எப்போது வருவார், எங்கே வருவார் என்று வாசகன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். இங்கே எழுத்தாளர் காத்திருந்தார்; வாசகன் தற்செயலாக வந்து சேர்ந்தான். ஊர்விட்டு ஊர் தேடி வந்தவருக்கும், ஐஸ்கிரீம் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவருக்கும் ஒரே வரிசை, ஒரே மை.

சனிக்கிழமை என்று வைத்ததும் நுட்பம்தான். வார இறுதியில் தில்லிப் பக்கமிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்திறங்கும் ஊர் முசூரி. மாலையானால் அவர்களுக்கு வேலை ஒன்றுதான்: லைப்ரரி முனையிலிருந்து பிக்சர் பேலஸ் முனைவரை மால் ரோட்டில் நடப்பது, திரும்பி நடப்பது. அந்த நடையின் வழியிலேயே ஓர் எழுத்தாளர் உட்கார்ந்திருந்தால், புத்தகக் கடைக்குள் காலே வைக்காதவர்கூடப் பிள்ளை கையைப் பிடித்து இழுப்பதால் உள்ளே வந்துவிடுகிறார். எனக்கு முன்னால் அப்படி ஓர் அப்பா நின்றார். யார் இவர், எதற்கு இவ்வளவு கூட்டம் என்று மகளைக் கேட்டார். வரிசை நகர்வதற்குள் அந்தச் சிறுமி நீலக்குடைக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டாள். கழுத்தில் கிடந்த சிறுத்தை நகத்தைக் கொடுத்துவிட்டு பின்யா அந்தக் குடையை வாங்கியது, கடைக்காரர் ராம் பரோசாவுக்கு அதன்மேல் வந்த ஆசை, எல்லாவற்றையும். அந்த அப்பா கடைசியில் தன் பங்குக்கும் ஒரு புத்தகத்தை அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நின்றுகொண்டிருந்த நேரத்தில் எனக்கு தேவ்லி ரயில்நிலையக் கதை நினைவுக்கு வந்தது. விடுமுறைக்கு டேராவிலிருக்கும் பாட்டி வீட்டுக்குப் போகும் இளைஞன். விடியற்காலையில் தேவ்லியில் ரயில் பத்து நிமிடம் நிற்கும். யாரும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அங்கே கூடை விற்கும் பெண்ணைப் பார்க்கிறான். அடுத்த பயணத்திலும் பார்க்கிறான். அப்புறம் அவளைக் காணோம். பயணத்தை நிறுத்திவிட்டு இறங்கி விசாரித்திருக்கலாம். அவன் இறங்கவே இல்லை. விசாரித்தால் என்ன சேதி கிடைக்குமோ என்ற பயம். பாண்டின் கதைகளில் மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எதிர்ப்படுகிறார்கள். ஒரே பெட்டியில் பயணம் செய்யும் கண் தெரியாத இருவரைப் பற்றிய கதையும் சில நிலையங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் அலட்சியமாக எழுதுவதே இல்லை. கையெழுத்து வாங்கும் இடத்திலும் ஆளுக்குக் கிடைப்பது அந்த அளவு நேரம்தான். அதையும் அவர் அவசரப்படுத்தவில்லை.

என் முறை வந்தபோது பேசுவதற்கு நான் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. பெயரைக் கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். நம் பக்கத்துப் பெயர்கள் வடக்கே போனால் ஓரெழுத்தாவது கூடிவிடும், குறைந்துவிடும். சொன்னபடியே எழுதினார். தலைப்புப் பக்கத்தில் அச்சுக்குக் கீழே இருந்த வெள்ளையில் முதலில் என் பெயர், அடுத்து ஒரு வாழ்த்து, அதன்கீழ் அவர் பெயர். பிரபலமானவர்களின் கையெழுத்து பல சமயம் வெறும் சுழிப்பாகவே இருக்கும். இதில் ரஸ்கின் தனியாகவும் பாண்ட் தனியாகவும் படிக்கக் கிடைத்தன. எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கவில்லை. கதைகளைக் கையாலேயே எழுதிப் பழகியவரின் கை அது.

அந்தக் கைக்குப் பின்னால் ஒரு கடிதம் இருக்கிறது. 1944. அப்பா ஆப்ரி பாண்ட் விமானப்படைப் பணியில் கல்கத்தாவில். பத்து வயது மகன் சிம்லாவில் பிஷப் காட்டன் பள்ளி விடுதியில். அப்பா எழுதிய கடைசிக் கடிதத்தில் மகனின் கையெழுத்தைப் பற்றியும் ஒரு பேச்சு வருகிறது. வகுப்பில் கையெழுத்துக்கு முதலிடம் வாங்கியது தெரியும், ஆனால் எல்லாச் செய்தியையும் ஒரே தாளில் அடக்கிவிட நினைத்து இப்படிப் பொடியாக எழுதாதே, கண்ணுக்கு நல்லதல்ல, பெரிதாக எழுது, தாள் போதாவிட்டால் போகட்டும் என்கிறார். சில வாரங்களில் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று ஓர் ஆசிரியர் சிறுவனிடமிருந்து அப்பாவின் கடிதங்களை வாங்கிக்கொண்டார். விடுமுறைக்குப் புறப்படும்போது சிறுவன் போய்க் கேட்டால், எந்தக் கடிதங்கள் என்று அவருக்கு ஞாபகமே இல்லை. கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்ட அந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. பாண்டே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தால் பார்வையே மாறிவிடும். அச்சில் எல்லா எழுத்தாளருக்கும் எழுத்தின் அளவை அச்சகம்தான் முடிவுசெய்கிறது. மையால் போட்ட இந்த இரண்டு சொற்களின் அளவை முடிவுசெய்ததில் ஓர் அப்பாவுக்கும் பங்கிருக்கிறது என்று நான் நம்புகிறேன். பக்கத்தில் இடம் இருக்கிறது, தாராளமாக எழுது என்று சொல்லிப் போன அப்பா. கடிதங்களைப் பறிகொடுத்த பையன் வளர்ந்து, வாராவாரம் வந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் தன் கைப்பட ஒரு வரி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளில் பலர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

கொரோனா காலத்தில் அந்தச் சனிக்கிழமைக் கூடுகை நின்றுபோனது. 1934இல் பிறந்தவர், 90 வயதைத் தாண்டிவிட்டார். முசூரிக்குப் போகிற தமிழ் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். லேண்டோரில் ஐவி காட்டேஜ் எங்கே என்று விசாரித்துப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். சுற்றுலா வருகிறவர்கள் நேரம் காலம் பார்க்காமல் தட்டித் தட்டி அந்த வீட்டைப் படுத்தியது போதும். மால் ரோட்டில் நடந்துபோங்கள். அவர் புத்தகம் எந்தக் கடையில் கண்ணில் பட்டாலும் ஒன்றை வாங்கிக்கொண்டு, கீழே டேராடூன் போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.